ஃப்ளோரிடாவின் டாம்பா வட்டாரத்தில் டெக் கட்டப் போகும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டாம்பா வட்டாரத்துத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் சங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2024-இல் ஹெலீன், மில்டன் என்ற இரண்டு சூறாவளிகளும் இரண்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து வந்து போனதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பெரும்பாலானவை ஒரே கேள்விதான். "வீட்டுக்குப் பின்னாடி மரத்துல ஒரு டெக், அதான் திறந்த மேடை, போடலாம்னு இருக்கோம். பெர்மிட் எடுக்கணுமா? கான்ட்ராக்டர் வேண்டாம்ங்கிறார்." வீடுகளுக்குக் கட்டமைப்புக் கணக்குப் போட்டு, வரைபடத்தில் சீல் வைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் நான் சொல்வதைவிட, பொங்கல் விழாப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்வதுதான் கடைசியில் எடுபடுகிறது. அதனால் எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். எடுக்க வேண்டும். பெர்மிட் இல்லாமல் கட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நம்மில் பலருக்குப் பெர்மிட் என்றாலே ஊரில் பிளான் அப்ரூவலுக்கு அலைந்த ஞாபகம்தான் வருகிறது. கட்டிடத்துக்கும் அந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை, யாரையாவது பார்த்து வாங்கிவிடலாம் என்ற எண்ணம். இங்கே டெக் விஷயத்தில் அந்தக் காகிதத்துக்கும் கட்டுமானத்துக்கும் நிறையச் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக் என்றதும் எல்லாரும் யோசிப்பது கீழ்நோக்கி வரும் எடையைத்தான். பிறந்தநாள் விழாவில் முப்பது பேர் ஏறி நின்றால் தாங்குமா? கட்டட விதி கேட்பது பொதுவாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு. 12 அடிக்கு 16 அடி டெக் என்றால் 192 சதுர அடி, அதாவது 7,680 பவுண்டு. நல்ல மரமாகப் போட்டு, தூண்களைச் சரியான இடைவெளியில் வைத்தால் இது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதே டெக்கின் சொந்த எடை சதுர அடிக்குச் சுமார் 10 பவுண்டுதான். மொத்தமே 2,000 பவுண்டுக்குள். காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும்போது எதிர்த்து நிற்க அந்த எடை மட்டும் போதாது. டாம்பா வட்டாரத்தில் சாதாரண வீட்டுக்கு விதி எடுத்துக்கொள்ளச் சொல்லும் காற்றின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 140-லிருந்து 150 மைல். தெற்கே பிராவர்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) 170, மயாமி-டேடில் 175. காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். 70 மைல் காற்றில் ஆடாமல் நின்ற டெக் 140 மைலிலும் நிற்கும் என்று யாராவது சொன்னால் கணக்குத் தெரியாமல் பேசுகிறார் என்று அர்த்தம். டெக் மேல் கூரையும் போட்டுவிட்டீர்கள் என்றால் தூக்கும் விசை இன்னும் பல மடங்கு கூடும்.

அப்போது டெக்கைப் பிடித்து வைப்பது எது? மேல் பலகையை அதன் அடியில் வரிசையாக ஓடும் ஜாய்ஸ்ட் என்ற மரச் சட்டங்கள் பிடிக்கின்றன, ஜாய்ஸ்டைப் பீம் என்ற பெரிய உத்தரம், பீமைத் தூண், தூணைக் கீழே உள்ள காங்கிரீட். இதில் ஒவ்வொரு இணைப்பிலும் ஓர் உலோகத் துண்டு இருந்தாக வேண்டும். சிம்ப்சன் மாதிரிக் கம்பெனிகள் விற்கும் கிளிப், ஸ்ட்ராப், தூணடி ஆங்கர் எல்லாம் இதற்குத்தான். ஒரே ஓர் இணைப்பு விட்டுப்போனாலும் மற்றதெல்லாம் வீண். காற்று பலவீனமான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிடும். கடைசியில் எல்லாவற்றையும் இழுத்துப் பிடிப்பது மண்ணுக்குள் இருக்கும் காங்கிரீட்டின் எடை. கன அடிக்குச் சுமார் 150 பவுண்டு. ஆனால் கடல் நீர் ஏறி மண் ஊறிவிட்டால், தண்ணீருக்குள் அதே கன அடி காங்கிரீட்டின் எடையில் சுமார் 62 பவுண்டு குறைந்துவிடும். பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ்தான். அதோடு மரம் மிதக்கும். காங்கிரீட் லேசாகி, மேலே உள்ள மரம் மிதக்கப் பார்க்கும் அந்த நேரத்தில்தான் பிடிமானம் இல்லாத டெக் தெப்பமாகி அடுத்த வீட்டுச் சுவரில் போய் மோதுகிறது.

மில்டனுக்குப் பிறகு கரையோரம் ஒரு வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். மேலிருந்து பார்த்தால் டெக் அழகாகத்தான் இருந்தது. சாயம் பூசி, விளக்கெல்லாம் வைத்து. ஒரு மூலை மட்டும் கொஞ்சம் சாய்ந்த மாதிரித் தெரிகிறது என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வீட்டுச் சுவரோடு டெக்கைச் சேர்க்கும் லெட்ஜர் பலகையை ஸ்டக்கோ என்ற சிமென்ட் பூச்சின் மேலேயே வெறும் ஆணியால் அடித்திருந்தார்கள். பலகைக்கும் சுவருக்கும் நடுவில் என் விரல் போகும் அளவுக்கு இடைவெளி. ஜாய்ஸ்டைத் தாங்கும் ஹேங்கர் என்ற உலோகத் தாங்கிகளில் பாதித் துளை காலி. மீதித் துளைகளில் வீட்டுக்குள் இருக்கும் டிரைவால் என்ற ஜிப்சம் அட்டைச் சுவருக்குப் போடும் கறுப்பு ஸ்க்ரூ. சிலவற்றின் தலை கையால் தொட்டதுமே உடைந்து விழுந்தது. தூண்கள் தரையில் பதிக்கும் பேவர் கல்லின் மேல் சும்மா நிறுத்தப்பட்டிருந்தன. அதில் இரண்டு கல்லை விட்டு நகர்ந்து மணலில் நின்றன. டெக்கை அன்று பிடித்து வைத்திருந்தது எது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அந்தக் கறுப்பு ஸ்க்ரூவைப் பற்றி ஒரு வார்த்தை. டெக்குக்குப் பயன்படும் பதப்படுத்திய மரத்தில் செம்பு கலந்த மருந்து இருக்கிறது. முன்பு ஆர்செனிக் கலந்த மருந்து இருந்தது. 2003-ஓடு வீட்டு உபயோகத்துக்கு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள செம்பு மருந்து சாதாரண இரும்பைச் சீக்கிரமே அரித்துவிடும். அதற்கு மேல் வளைகுடாவின் உப்புக் காற்று. அதனால்தான் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும் என்று விதி கேட்கிறது. ஒரு பெட்டி ஆணிக்குச் சில டாலர்தான் வித்தியாசம். அந்தச் சில டாலரை மிச்சம் பிடிக்கிற ஆள் வேறெங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார்?

இதையெல்லாம் வீட்டுக்காரர் தானே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பலகை அடித்து மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. பெர்மிட் எடுத்தால், குழி தோண்டிக் காங்கிரீட் ஊற்றுவதற்கு முன் இன்ஸ்பெக்டர் ஒரு முறை வருவார். மரச் சட்டங்களை அடித்து, மேல் பலகை போடுவதற்கு முன் இன்னொரு முறை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக. கான்ட்ராக்டரிடம் சம்பளம் வாங்காத ஒரு மனிதர் அந்த இணைப்புகளைக் கண்ணால் பார்க்கிற ஒரே சந்தர்ப்பம் இதுதான். பெர்மிட் கட்டணத்தில் நீங்கள் வாங்குவது அந்தக் கண்களை.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ சூறாவளி மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் பகுதியைத் தரைமட்டமாக்கிய பிறகு கிளறிப் பார்த்தபோது, கூரைப் பலகையை அடித்த ஸ்டேப்பிள்கள் கீழே உள்ள மரச் சட்டத்தில் படாமலே போயிருந்த வீடுகள் கிடைத்தன. விதி இருந்தது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை. அதன் விளைவாகத்தான் மாநிலம் முழுக்க ஒரே கட்டட விதி 2002 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இப்போது இருப்பது அதன் எட்டாவது பதிப்பு, 2023 டிசம்பர் 31-லிருந்து.

சரி, இப்போது பந்தியில் கேட்கும் அந்த "200 சதுர அடி" கதைக்கு வருவோம். 200 சதுர அடிக்குள், தரையிலிருந்து 30 அங்குலத்துக்குள், வீட்டோடு ஒட்டாமல், வீட்டின் பிரதான வாசலுக்குப் படியாக இல்லாமல் இருந்தால் பெர்மிட் தேவையில்லை என்று சொல்வார்கள். இந்த வரி பொய்யில்லை. அமெரிக்கா முழுவதற்கும் மாதிரியாக எழுதப்பட்ட குடியிருப்பு விதியில் இருப்பதுதான். ஒஹாயோவிலோ ஜார்ஜியாவிலோ உள்ள உங்கள் மச்சானுக்கு அது பொருந்தலாம். ஃப்ளோரிடா தன் விதியில் அந்த விலக்குப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. எது விலக்கு, எது இல்லை என்பதை உங்கள் கவுண்டியோ நகரமோதான் சொல்ல வேண்டும். ஹில்ஸ்பரோ கவுண்டி ஒன்று சொல்லலாம், பினெல்லஸ் கவுண்டி வேறொன்று சொல்லலாம். ஒரே தெருவில் ஒரு பக்கம் நகர எல்லை, மறுபக்கம் கவுண்டி என்றிருக்கும் இடங்களும் உண்டு. போன் செய்து கேளுங்கள். கேட்டதற்குப் பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் விலக்கு கிடைத்தாலும் விதியிலிருந்து விலக்கு கிடைக்காது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அந்த 30 அங்குலம் இன்னொரு இடத்திலும் வரும். அதற்கு மேல் உயரமான டெக்கென்றால் கைப்பிடிச் சுவர் கட்டாயம். குறைந்தது 36 அங்குல உயரம், கம்பிகளுக்கு இடையே 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த அளவு. கொடிக்கம்பி மாதிரி இரண்டே கம்பி இழுத்துவிட்டு, கடல் தெரிய வேண்டும் என்று கேட்டவர்கள் என்னிடம் நிறைய.

இனி இந்த மடல் எழுத உண்மையான காரணம்.

பெர்மிட் வேண்டாம் என்று சொல்லும் கான்ட்ராக்டரை இப்போது நம் ஆட்களில் பலர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதனால் புதிதாக இன்னொரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "பெர்மிட் தாராளமா எடுக்கலாம் சார். ஆனா உங்க பேர்ல எடுங்க. வீட்டுக்காரர் எடுத்தா செலவு கம்மி, சீக்கிரம் கிடைக்கும். ஒரு கையெழுத்துத்தான்." கேட்க நியாயமாக இருக்கிறது. மென்பொருள் வேலையில் இருக்கும், படித்த, விவரமான ஆட்களே இதில் விழுகிறார்கள்.

அந்தக் கையெழுத்து என்ன செய்கிறது என்று பாருங்கள். ஃப்ளோரிடா சட்டம் வீட்டுக்காரர் தன் வீட்டை லைசென்ஸ் இல்லாமலே தானே கட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. அது நல்ல சட்டம். தச்சு வேலை தெரிந்தவர், சனி ஞாயிறில் தானே செய்கிறவர் தாராளமாக எடுக்கட்டும். ஆனால் அந்தப் படிவத்தில் நீங்கள் ஒப்புக்கொள்வது இதெல்லாம்: இந்த வேலைக்குக் கான்ட்ராக்டர் நான்தான். வேலையை நானே நேரில் மேற்பார்வை செய்வேன். லைசென்ஸ் இல்லாத ஒருவரைக் கான்ட்ராக்டராக அமர்த்த மாட்டேன். கூலிக்கு ஆள் வைத்தால் அவர்களுக்கான வரிப் பிடித்தமும் காயக் காப்பீடும் என் பொறுப்பு. வேலை முடிந்து ஓராண்டுக்குள் வீட்டை விற்றாலோ வாடகைக்கு விட்டாலோ, அதற்காகவே கட்டினேன் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். வேலை மாற்றம் வந்து ஆஸ்டினுக்கோ சியாட்டிலுக்கோ போக வேண்டிவந்தால் என்ன செய்வீர்கள்?

அதைவிட முக்கியம், அவர் உங்கள் பெயரில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அவர் பெயரில் எடுக்க அவருக்கு லைசென்ஸ் இல்லை. ஏணியிலிருந்து விழுந்து ஒரு பையன் இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டால் மருத்துவச் செலவு யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் கான்ட்ராக்ட் எடுப்பது ஃப்ளோரிடாவில் குற்றம். ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்திருக்கும் சமயத்தில் செய்தால் அது பெருங்குற்றமாகிவிடும். சூறாவளிக்குப் பின் வெளி மாநில நம்பர் பிளேட்டோடு வந்து கதவைத் தட்டுகிறவர்களை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. மாநிலத்தின் தொழில் உரிமத் துறை இணையதளத்தில் பெயரைப் போட்டால் லைசென்ஸ் இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா, புகார் உண்டா என்று ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும். கல்யாணத்துக்குப் பையனைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்கிற நாம் இதைப் பார்ப்பதில்லை.

பணம் கொடுப்பதிலும் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொண்டால். ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கும் கான்ட்ராக்டர் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெர்மிட் வந்து 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். "பாதிப் பணம் கொடுங்க, மரம் இறக்கணும்" என்பவரிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். முகம் மாறுவதைக் காணலாம்.

வேலையின் மதிப்பு 5,000 டாலரைத் தாண்டினால் "நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட்" என்று ஒரு தாளைக் கவுண்டியில் பதிவு செய்து, ஒரு பிரதியை வேலை நடக்கும் இடத்தில் ஒட்ட வேண்டும். 2023 அக்டோபர் வரை இந்த வரம்பு 2,500 ஆக இருந்தது. பலர் இதை வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். கான்ட்ராக்டருக்கு நீங்கள் முழுப் பணத்தையும் கொடுத்து, அவர் மரக்கடைக்குப் பாக்கி வைத்துவிட்டால், மரக்கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லீன், அதாவது கடன் பாத்தியதை, போடலாம். கொடுத்த பணத்தையே இரண்டாவது முறையும் கொடுக்க வேண்டிவரும். அதிலிருந்து உங்களைக் காப்பது இந்தத் தாளும், ஒவ்வொரு தவணைக்கும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய பாக்கியின்மைக் கையெழுத்தும்தான்.

விண்ணப்பத்தோடு என்ன வைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு அலுவலகத்தின் இணையதளத்திலும் இருக்கிறது. அதைத் திருப்பி எழுதப் போவதில்லை. வீடு வாங்கும்போது கொடுத்த சர்வே வரைபடத்தைத் தேடி எடுத்து வையுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. பின்புறம் சாக்கடைக் குழாய்க்கும் மின்கம்பத்துக்கும் விட்ட பாதை எங்கே போகிறது என்று அதில் தெரியும். அதன்மேல் டெக் கட்ட முடியாது. குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கமான எச்.ஓ.ஏ.வின் அனுமதி வேறு, பெர்மிட் வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது கிடைத்ததாகாது. குழி தோண்டுவதற்கு முன் 811-க்குப் போன் செய்தால் இலவசமாக வந்து குழாய், கேபிள் போகும் இடத்தைக் கோடு போட்டுக் காட்டுவார்கள்.

ஹாட் டப் (உட்கார்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டி) வைக்கும் ஆசை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்றடி ஆழத் தண்ணீர் மட்டுமே சதுர அடிக்கு 187 பவுண்டு. 40 பவுண்டுக்குக் கட்டிய டெக்கில் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆடுகிறது என்று என்னைக் கூப்பிடாதீர்கள்.

என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. நம் வட்டாரத்து வீடுகளில் பாதிக்கு மேல் கீழ்த்தளம் காங்கிரீட் பிளாக், மேலே ஸ்டக்கோ. அதில் லெட்ஜர் பலகையைச் சரியாகப் பொருத்துவது தனி வித்தை. சரியான ஆங்கர் வேண்டும், துளைக்குள் தண்ணீர் இறங்காமல் தகடு மடித்துப் போட வேண்டும். வீட்டைத் தொடாமல், சுவருக்குப் பக்கத்திலேயே தனக்கென்று ஒரு வரிசைத் தூண் வைத்துத் தனியாக நிற்கும் டெக்கைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இரண்டு மூன்று தூண் கூடுதல், குறுக்குத் தாங்கல் கொஞ்சம். ஆனால் காற்று டெக்கைப் பிய்த்தாலும் வீட்டுச் சுவரையும் சேர்த்துப் பிய்க்காது. அப்புறம் இன்னொன்று: தரையோடு தரையாக இருக்கும் வீட்டுக்கு டெக் எதற்கு? பேவர் கல் பதித்துக்கொண்டாலே போதும். அதற்கும் உங்கள் ஊரில் அனுமதி தேவைப்படலாம், ஆனால் பறக்காது, மிதக்காது, கரையான் அரிக்காது.

வெள்ள மண்டலத்தில் வீடு இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். ஹெலீன் நமக்கு நூறு மைலுக்கு மேல் வடக்கே கரையேறியும் நம் விரிகுடாவில் கடல் ஏறி வந்ததைப் பார்த்தீர்கள். மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் ஐம்பது சதவீத விதி என்று ஒன்று உண்டு. வீட்டைப் பழுதுபார்க்கும் செலவோ, புதிதாகச் சேர்க்கும் செலவோ வீட்டின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், மொத்த வீட்டையும் இன்றைய வெள்ள விதிப்படி கொண்டுவர வேண்டும். பல சமயம் அதற்கு அர்த்தம் வீட்டையே உயர்த்திக் கட்டுவது. மனையின் விலை இந்தக் கணக்கில் சேராது. கடலோரத்தில் மனைக்குத்தான் விலை, பழைய வீட்டுக்கு என்ன இருக்கிறது? 8,00,000 டாலருக்கு வாங்கிய இடத்தில் வீட்டின் மதிப்பு 2,00,000 என்று வந்தால், உங்கள் வரம்பு 1,00,000 டாலர்தான். ஹெலீனில் நனைந்த சுவரையும் தரையையும் மாற்றியதில் அதில் பெரும்பகுதி போயிருக்கலாம். முன்பு சில ஊர்களில் கடந்த சில ஆண்டுகளில் செய்த வேலைகளையும் கூட்டிப் பார்த்தார்கள்; 2025-இல் வந்த மாநிலச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது. ஆனால் வீட்டோடு ஒட்டிய டெக்கைப் பழுதுபார்க்கும் அதே நேரத்தில் சேர்த்தால், சின்ன வேலை என்று நினைத்தது பெரிய தலைவலியாகிவிடும். முதலில் வெள்ளப் பிரிவு அதிகாரியிடம் உங்கள் வீட்டின் ஐம்பது சதவீதக் கணக்கு இப்போது எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், பிறகு டெக்கைப் பற்றி யோசியுங்கள். கடற்கரையை ஒட்டியே வீடு இருந்தால், கரையோரக் கட்டுமானக் கோட்டுக்குக் கடல் பக்கமாகக் கட்ட மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை அனுமதியும் தனியாக வேண்டும்.

அலுவலகங்கள் மீது எனக்கும் மனக்குறை உண்டு. குறைகளை எல்லாம் ஒரே தடவையில் எழுதாமல், ஒன்றைத் திருத்தி அனுப்பினால் அடுத்ததைச் சொல்கிற ஒரு பரிசீலனையாளரிடம் ஒரு சின்ன டெக் வரைபடம் மாதக்கணக்கில் ஊசலாடியதைப் பார்த்திருக்கிறேன். இணையவழி விண்ணப்பத்தில் கோப்பின் பெயரில் இடைவெளி விட்டதற்காகத் திருப்பி அனுப்பியதும் நடந்தது. நீங்கள் எரிச்சல்படுவது நியாயம். ஆனால் 2025 ஜனவரியிலிருந்து சட்டம் கெடு வைத்திருக்கிறது. 7,500 சதுர அடிக்கு உட்பட்ட தனி வீடுகளுக்கு, முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தாமதித்தால் கட்டணத்தில் குறைக்க வேண்டும். இந்தக் கெடுவைப் பணிவாக நினைவூட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்புவதில் தப்பே இல்லை. அவசரமென்றால், லைசென்ஸ் உள்ள தனியார் பரிசீலனையாளரையும் இன்ஸ்பெக்டரையும் வைத்துக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. காசு கூடுதல் ஆகும்.

ஏற்கெனவே பெர்மிட் இல்லாமல் கட்டிவிட்டவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கட்டிய பிறகும் பெர்மிட் எடுக்கலாம். பல இடங்களில் கட்டணம் இரு மடங்கு. இணைப்புகள் தெரிய மேல் பலகையில் சிலவற்றைக் கழற்றச் சொல்வார்கள், காங்கிரீட்டின் அளவைக் காட்ட ஓரத்தில் தோண்டச் சொல்வார்கள். விட்டுப்போன கிளிப்பும் ஆங்கரும் பின்னாலும் போடக்கூடியவைதான். வீட்டை விற்கும்போது வாங்குகிறவருக்காக வீட்டின் உரிமைப் பத்திரங்களைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி கண்டுபிடித்து, பதிவுக்கு முந்தைய வாரத்தில் அல்லாடுவதைவிட இது எவ்வளவோ மேல். பெர்மிட் எடுத்தும் கடைசி ஆய்வுக்குக் கூப்பிடாமல் விட்டவர்களும் இதே வரிசையில்தான். ஆறு மாதம் வேலை நின்றால் பெர்மிட் காலாவதியாகிவிடும், ஆனால் அலுவலகக் கணினியில் முடிவடையாத வேலையாகவே நிற்கும்.

இனி சங்க நிர்வாகிகளுக்கு இரண்டு வேண்டுகோள். "நம்ம ஆளு, நல்லாப் பண்ணுவார்" என்று சங்கத்தின் பெயரில் சுற்றும் கான்ட்ராக்டர் பட்டியலில், லைசென்ஸ் எண் இல்லாத பெயர்களை எடுத்துவிடுங்கள். தமிழ் பேசுவதோ, கன்னடம் பேசுவதோ, போன வருடம் விழாவுக்கு நன்கொடை கொடுத்ததோ டெக்கைத் தரையோடு பிடித்து வைக்காது. இதைச் சொன்னால் சிலருக்கு என்மேல் வருத்தம் வரும் என்று தெரியும். வரட்டும்.

இரண்டாவது, சூறாவளிப் பருவம் ஜூன் 1-இல் தொடங்குகிறது. சித்திரைத் திருநாள் விழா நாளிலேயே பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை ஒதுக்கித் தாருங்கள். டெக் கட்டப் போகிறவர்கள் சர்வே வரைபடத்தையும் கான்ட்ராக்டர் கொடுத்த மதிப்பீட்டையும் எடுத்து வரட்டும். மதிய உணவு முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். காசு வேண்டாம். பாயசம் மட்டும் எனக்குக் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள், போன முறை நான் வருவதற்குள் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் வட்டாரத்துக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவன்